கடலோரத்துக்குக் குடிவந்த ஓவியருக்கு

ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

“கடற்கரைக்கு நடந்தே போகிற தூரத்துக்கு வீடு மாறி வந்துவிட்டேன். ஓவியத்துக்காகத்தான் இந்த மாற்றம். விடுமுறையில் வந்து பார்த்த காலத்தில் கடலைக் கண்டாலே கை பரபரக்கும். இப்போது ஜன்னலைத் திறந்தால் கடல். ஆனால் வரைவதெல்லாம் காலண்டர் படமாகவே வருகிறது. அலை உறைந்துபோய் நிற்கிறது. நீலத்தை எப்படிக் கலந்தாலும் பொய்யாகத் தெரிகிறது. வாட்டர்கலர், அக்ரிலிக் இரண்டிலும் வரைகிறேன். போன மழைக்காலத்தில் அலமாரியில் இருந்த வாட்டர்கலர் படங்கள் சிலவற்றில் பழுப்புப் புள்ளிகள் விழுந்துவிட்டன. வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் வரையலாமா என்றும் யோசிக்கிறேன். கடலுக்குப் பக்கத்தில் இருந்தால் படம் தானாக வரும் என்று நம்பி வந்தது தவறா?”

அன்புள்ள வாசகிக்கு,

வந்தது தவறில்லை. கடல் பக்கத்தில் இருப்பதால் என்ன கிடைக்கும் என்பதில்தான் உங்கள் எதிர்பார்ப்பு கொஞ்சம் இடம் மாறியிருக்கிறது. விடுமுறையில் வருகிறவருக்குக் கடல் தருவது பிரமிப்பு. குடியிருப்பவருக்கு அந்தப் பிரமிப்பு சில மாதங்களில் அடங்கிவிடும். அடங்கத்தான் செய்யும், அதை வைத்து உங்கள் திறமை குறைந்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். குடியிருப்பவருக்கு வேறொன்று கிடைக்கிறது: ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகலாம். நேற்று பார்த்த பாறையை இன்று வேறு வெளிச்சத்தில், வேறு நீர்மட்டத்தில், வேறு காற்றில் பார்க்கலாம். வந்து போகிறவருக்கு இந்த வசதி கிடையவே கிடையாது.

காலண்டர் படம் என்கிறீர்களே, அது பெரும்பாலும் ஒருமுறை பார்த்தவரின் படம். தொடுவானம், சூரியன், ஒரு படகு, முன்னால் ஓர் அலை என்று எல்லாக் கடலுக்கும் பொதுவானதை அது வரைகிறது. உங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கும் கடலுக்கு மட்டும் உரியது எது? இன்று கேட்டால் உங்களால் சொல்ல முடியாமல் இருக்கலாம். அதைச் சொல்ல முடிகிற நாளில் படம் மாறிவிடும். நான் கீழே சொல்லப்போவது எல்லாமே இந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

ஹொகுசாயின் பேரலையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஜப்பானில் 1831 வாக்கில் மரச்செதுக்கு அச்சாக வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது எழுபதை ஒட்டி. அந்த ஒரு படத்தை மட்டும் பார்த்தால், ஏதோ ஒரு நாள் கண்ட அலையை அப்படியே காகிதத்துக்குக் கொண்டுவந்துவிட்டார் என்றுதான் தோன்றும். ஆனால் 1797-லேயே அவர் கரையில் எழும் அலையை வரைந்திருக்கிறார். 1800-களின் தொடக்கத்தில் படகுகளின் மேல் பேரலை கவியும் அச்சுப் படங்களைச் செய்திருக்கிறார். எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். முந்தைய படங்களில் அலை கனமான ஒரு திரளாக அசையாமல் நிற்கிறது. ஏறத்தாழ முப்பது ஆண்டு கழித்து, கிட்டத்தட்ட அதே அமைப்பில், விளிம்பு முழுக்க விரல் விரலாகப் பிரிந்த நுரையோடு அலை கவிழப் போகிறது. உங்கள் அலை உறைந்து நிற்கிறதென்றால் நீங்கள் அந்த வரிசையின் தொடக்கத்தில் இருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

வின்ஸ்லோ ஹோமரையும் சொல்ல வேண்டும். 1883-இல் அமெரிக்காவின் மெய்ன் கரையில் ப்ரௌட்ஸ் நெக் என்ற இடத்துக்குக் குடிபோனவர், 1910-இல் இறக்கும்வரை அதையே வீடாகக் கொண்டிருந்தார். போன புதிதில் அவர் வரைந்த கடல் படங்களில் மனிதர்களும் கதையும் நிறைய இருந்தார்கள்: கப்பலிலிருந்து ஒரு பெண்ணை மீட்பது, மூடுபனி சூழும்போது தனியாகப் படகில் திரும்பும் மீனவர், இப்படி. ஆண்டுகள் போகப் போகப் பாறையும் அதன்மேல் வந்து விழும் நீருமே மிஞ்சின. 1895-இல் அவர் வரைந்த வடகிழக்குப் புயல் படம் ஒன்றில் முதலில் இரண்டு பேர் பாறையில் குனிந்து இருந்தார்கள். பிறகு அவரே அவர்களை வண்ணம் பூசி மறைத்துவிட்டார். கடலே போதும் என்று தீர்மானிக்க அவருக்கு அந்தக் கரையில் பத்தாண்டுக்கும் மேல் தேவைப்பட்டது. உங்களுக்கு இன்னும் அந்த அவகாசம் கிடைக்கவில்லை.

சரி, நாளை காலையிலிருந்து என்ன செய்வது?

ஓர் இடத்தையும் ஒரு பொழுதையும் தேர்ந்தெடுங்கள். ஒரு மாதத்துக்கு வேறு எங்கும் போகாதீர்கள். நம் பழந்தமிழ் இலக்கண மரபு கடலோர நிலமான நெய்தலுக்குச் சூரியன் சாயும் பொழுதான எற்பாட்டையும் இரங்கல் என்ற உணர்வையும் சேர்த்தே வைத்தது. நிலம், பொழுது, மனம் மூன்றும் தனித்தனியாக நிற்பதில்லை என்பதை அந்த மரபு அறிந்திருந்தது. ஓவியருக்கும் இது அப்படியே பொருந்தும். நீங்கள் எற்பாட்டையே எடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை, விடியற்காலையாகவும் இருக்கலாம். ஆனால் ‘கடல்’ என்று பொதுவாக வரைய உட்காராதீர்கள். ‘காலை ஆறரைக்கு, கற்குவியலின் இடதுபுறம்’ என்று உட்காருங்கள். அந்த இடம் அழகாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. சொல்லப்போனால் அழகில்லாத இடமே முதல் மாதத்துக்கு நல்லது. ஒரு கழிவுநீர்க் குழாய் கடலில் முடியும் இடம், துருவேறிய இரும்புத் தூண், கரையைக் காக்கக் கொட்டிய கான்கிரீட் கட்டிகள் இவற்றில் எதை எடுத்தாலும் காலண்டர் உங்களைத் தொந்தரவு செய்யாது.

இதில் ஓதத்தைக் கணக்கில் வைக்க வேண்டும். பெரும்பாலான கரைகளில் கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்கும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் சுமார் 12 மணி 25 நிமிடம். ஆக, இன்று காலை 7 மணிக்கு ஏற்றம் என்றால் நாளைக் காலை ஏறத்தாழ 7:50-க்கு. நீங்கள் தினமும் ஒரே நேரத்துக்குப் போனாலும் நீர்மட்டம் ஒன்றாக இருக்காது. அதே நேரத்தில் ஏறத்தாழ அதே மட்டம் திரும்பிவரச் சுமார் பதினைந்து நாள் ஆகும். இது தொல்லை மாதிரித் தெரியும், நடைமுறையில் உதவி. பாதியில் நின்ற படத்தை அவசரப்பட்டு முடிக்காமல், ஓரத்தில் தேதியும் நேரமும் குறித்து வைத்துவிட்டு, பதினைந்து நாள் கழித்து அதே இடத்தில் எடுக்கலாம். இடையில் உள்ள நாட்களில் வேறு மட்டத்துக்கு வேறு படம். பிரெஞ்சு ஓவியர் மோனே எத்ரெத்தா என்ற கடற்கரை ஊரில் வேலை செய்தபோது இப்படித்தான், பல கான்வாஸ்களை ஒரே காலத்தில் வைத்துக்கொண்டு, வெளிச்சமும் கடலும் மாறும்போது படத்தை மாற்றிக்கொண்டார்.

இனி அலை. அது உறைந்து நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் புகைப்படம். நீங்கள் போனில் எடுத்த படத்தை வைத்து வரைகிறீர்கள் என்று நினைக்கிறேன். கடிதத்தில் சொல்லவில்லை, ஆனால் உறைந்த அலைகளில் பத்துக்கு ஒன்பது அங்கிருந்துதான் வருகின்றன. வெயிலில் கேமரா ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியில் படத்தை எடுத்துவிடுகிறது. ஒவ்வொரு துளியும் காற்றில் நின்றுவிடும், எல்லா விளிம்பும் கூர்மையாக இருக்கும். எந்த மனிதக் கண்ணும் அப்படி ஓர் அலையைப் பார்த்ததில்லை. நம் கண் ஓர் அலையில் ஏதாவது ஓர் இடத்தைத்தான் பிடிக்கிறது: மடங்கும் உதடு, அல்லது அதன் கீழே உள்ள நிழல். மற்றதெல்லாம் ஓட்டமாகத்தான் பதிகிறது. அதனால் படத்திலும் ஓரிடத்தில் மட்டும் விளிம்பு கூர்மையாக இருக்கட்டும். மற்ற இடங்களை ஈரத்தில் கரைய விடுங்கள். அக்ரிலிக் என்றால் காயுமுன் உலர்ந்த பிரஷ்ஷால் இழுத்துவிடுங்கள்.

ரஷ்ய ஓவியர் ஐவசோவ்ஸ்கி கருங்கடல் ஓரத்தில் ஃபியோதோசியாவில் பிறந்து, வாழ்ந்து, அங்கேயே இறந்தவர். ஆறாயிரம் அளவுக்குப் படங்கள் வரைந்தவர் என்று கணக்கு. அவருடைய பெரிய கடல் படங்களை அவர் கடலைப் பார்த்துக்கொண்டு வரையவில்லை. ஸ்டூடியோவுக்குள் நினைவிலிருந்து வரைந்தார். நகர்கிற ஒன்றைக் கண்டுகொண்டே வரைய முடியாது என்பது அவர் கருத்து. அவருடைய நாடகத்தனமான வெளிச்சம் எனக்கு எப்போதும் உவப்பாக இருப்பதில்லை. ஆனால் நினைவைப் பழக்கும் விஷயத்தில் அவரைத்தான் பின்பற்றச் சொல்வேன்.

அதற்கு ஒரு பயிற்சி. பிரஷ் எதுவும் இல்லாமல் பாதுகாப்பான உயரத்தில் உட்காருங்கள். பத்துப் பன்னிரண்டு அலைகளைச் சும்மா பாருங்கள். அப்புறம் ஒரே ஓர் அலையை, தூரத்தில் மேடாகத் தெரிவதிலிருந்து மணலில் இழுபட்டுத் திரும்புவதுவரை, கண்ணால் தொடருங்கள். கண்ணை மூடி அதை மறுபடி ஓட்டிப் பாருங்கள். பிறகு ஐந்தாறு கோடுகளில் பென்சிலால் அதைப் போடுங்கள், நிழல் வேண்டாம். சரியாக வரவில்லையென்றால் அழிக்க வேண்டாம்; அடுத்த அலையில் அந்தக் குறிப்பிட்ட இடத்தை மட்டும் பாருங்கள். கடலில் இருக்கும் பெரிய வசதி அதுதான். பறவை பறந்து போய்விட்டால் போனதுதான். அலை சில நொடிகளில் மறுபடி அதே வேலையைச் செய்து காட்டும்.

அது ஏன் அதே வேலையைச் செய்கிறது என்பதும் தெரிய வேண்டும். ஆழ்கடலில் அலை நகர்கிறதே தவிர நீர் பெரிதாக முன்னேறுவதில்லை. கிட்டத்தட்ட வட்டமாகச் சுற்றி இருந்த இடத்துக்கே வருகிறது. கரை நெருங்கித் தரை மேலே வரும்போது அலையின் கீழ்ப்பகுதி வேகம் குறைகிறது, மேல்பகுதி முந்துகிறது, மடங்கி விழுகிறது. அலையின் உயரத்தைப் போலச் சுமார் 1.3 மடங்கு ஆழத்துக்கு நீர் குறையும் இடத்தில் இது நடக்கும். அதாவது ஒரு மீட்டர் அலை, ஒன்றேகால் மீட்டருக்குச் சற்று அதிகமான ஆழத்தில் உடையும். தரை மெல்லச் சரிந்தால் அலை மேலிருந்து நுரைத்து வழியும். சட்டென்று செங்குத்தாக ஏறினால் குழாய்போல் சுருண்டு விழும். கடலுக்கு அடியில் இருக்கும் தரையைத்தான் அலை உங்களுக்கு வரைந்து காட்டுகிறது. கடல் நன்றாக இறங்கியிருக்கும் நேரத்தில் போய் அந்தத் தரையை வரைந்து வையுங்கள்: மணல்மேடு எங்கே, பள்ளம் எங்கே, மூழ்கும் பாறை எது. ஏற்றத்தில் வந்து பார்த்தால், ‘இந்த இடத்தில் அலை ஏன் எப்போதும் இடப்பக்கமிருந்து உடைந்துகொண்டு வருகிறது’ என்பது புரியும். அந்தப் புரிதல் கோட்டில் தெரியும். குடியிருப்பவரால் மட்டுமே செய்ய முடிகிற வேலை இது. இதைச் செய்தபின் உங்கள் அலையை வேறு கரையின் அலை என்று யாரும் சொல்ல முடியாது.

நீலம் பொய்யாகத் தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நீலம் கலப்பதை ஒரு வாரம் நிறுத்துங்கள். கண்ணுக்கு வரும் கடல் நிறத்தில் வானத்தின் பிரதிபலிப்பு உண்டு, நீருக்குள் போய்த் திரும்பும் ஒளி உண்டு, கலங்கிய மணல் உண்டு. எது எவ்வளவு என்பது நீங்கள் பார்க்கும் கோணத்தைப் பொறுத்தது. நேர் கீழே பார்த்தால் நீர் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 2 சதவீதத்தைத்தான் பிரதிபலிக்கிறது. அதனால்தான் காலடியில் மணலும் கல்லும் தெரிகின்றன. பார்வை சாயச் சாயப் பிரதிபலிப்பு கூடுகிறது. அப்படியானால் தொடுவானத்தில் கடலும் வானமும் ஒரே நிறத்தில் இருக்க வேண்டுமே? அமைதியான நாளில் அப்படித்தான் இருக்கும், கோடே தெரியாது. காற்றடிக்கும் நாளில் அப்படி இல்லை. தூரத்தில் நமக்குத் தெரிவது அலைகளின் நம்மை நோக்கிச் சாய்ந்த முகங்கள். அவை தொடுவானத்தை ஒட்டிய வெளிறிய வானத்தைக் காட்டாமல், அதற்கு நன்றாக மேலே உள்ள அடர்ந்த வானத்தைக் காட்டுகின்றன. அதனால் கடல் தன்னைத் தொடும் வானத்தைவிட இருண்டு தெரிகிறது. நீங்கள் தூரக் கடலுக்கு நிறம் கலக்கும்போது தொடுவானத்தைப் பார்க்காதீர்கள். தலையைக் கொஞ்சம் தூக்கி மேலே பாருங்கள்.

மடங்கும் அலையின் உச்சியை ஒட்டி ஒரு பச்சை தெரியுமே, அது வேறு கதை. அங்கே நீர் மெல்லிதாக இருக்கிறது, வெளிச்சம் பின்னாலிருந்து ஊடுருவி வருகிறது. சூரியன் உங்களுக்கு எதிரே தாழ்ந்திருக்கும்போதுதான் அது நன்றாகத் தெரியும். சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும் படத்தில் அந்தப் பச்சையைப் போட்டால் பார்ப்பவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் ஏதோ இடிக்கும். நுரையும் அப்படித்தான். வெயில் படும் இடத்தில் மட்டுமே அது வெள்ளை. அலையின் நிழல் பக்கத்து நுரை நீலச் சாம்பல். வெயிலில் கிடக்கும் காய்ந்த மணலைவிடக்கூட இருண்டு இருக்கும். இதை நம்ப முடியாவிட்டால் ஒரு சாம்பல் நிற அட்டையில் சிறிய துளை போட்டு, அதன் வழியாக நுரையையும் மணலையும் மாறி மாறிப் பாருங்கள். மூளை ‘நுரை என்றால் வெள்ளை’ என்று சொல்வதை அந்தத் துளை நிறுத்திவிடும். நான் கற்றுக்கொடுக்கும் எல்லோருக்கும் முதலில் தருவது இந்த அட்டையைத்தான். ஈரமணல் காய்ந்த மணலைவிட இருண்டு தெரியும், ஆனால் வானத்தையும் காட்டும். இந்த இரண்டையும் ஒரே பூச்சில் கொண்டுவர முடியாது; முதலில் இருட்டைப் போட்டு, காய்ந்தபின் வான நிறத்தைக் கிடையாக இழுக்க வேண்டும்.

வண்ணங்கள் நிறைய வேண்டாம். அல்ட்ராமரின் நீலம், பர்ன்ட் சியென்னா பழுப்பு இரண்டையும் கலந்தால் கிடைக்கும் சாம்பல்களே கடலில் பாதி வேலையை முடித்துவிடும். பிரஷ்யன் ப்ளூ ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஹொகுசாயின் அந்தக் கருநீலத்தில் இருப்பது அதுதான். பழைய வகை அலிசரின் கிரிம்சன் சிவப்பு, வெளிச்சம் பட்டால் வெளிறும், அதற்குப் பதில் குவினாக்ரிடோன் சிவப்பு. தொடுவானக் கோடு நேராக இருக்கட்டும். அது எப்போதும் உங்கள் கண் மட்டத்தில்தான் இருக்கும். நின்று தொடங்கிய படத்தை உட்கார்ந்து முடித்தால் படகுகளும் பாறைகளும் தப்பான இடத்துக்குப் போய்விடும்.

வெளியில் வரைவதைப் பற்றிச் சுருக்கமாக. வெயில் நேரடியாகத் தாளில் படும்படி உட்காராதீர்கள்; அங்கே பளிச்சென்று தெரிந்த படம் வீட்டுக்குள் வந்ததும் இருண்டுவிடும். கறுப்புக் கண்ணாடி நிறத்தை மாற்றும், அகல விளிம்புத் தொப்பி போதும். காற்றுக்கு எல்லோரும் ஏதாவது வழி கண்டிருக்கிறார்கள். ஸ்பானிய ஓவியர் சொரோயா வலென்சியா கடற்கரையில் பெரிய கான்வாஸ்களைத் துணித் தடுப்புகளுக்கு நடுவே நிறுத்தி வரைந்தார். ஹோமர் ஜன்னல் வைத்த சிறிய நகரும் குடிலுக்குள் உட்கார்ந்தார். ஸ்காட்லாந்தின் கேட்டர்லைன் கரையில் ஜோன் ஏர்ட்லி புயலிலும் வெளியே நின்று, கான்வாஸைத் தாங்கும் ஈசலைக் கட்டி நிறுத்தி, பெரும்பாலும் தன் வீட்டை ஒட்டிய சில இடங்களிலிருந்தே வரைந்தார். 1963-இல் நாற்பத்திரண்டாம் வயதில் இறந்துவிட்டார். அந்தக் கொஞ்ச ஆண்டுகளில் அவர் வரைந்த கடலைப் போல வேறு கடலை நான் பார்த்ததில்லை. வண்ணத்தில் மணல் ஒட்டினால் பதற வேண்டாம். லண்டன் நேஷனல் கேலரியில் உள்ள, மோனே 1870-இல் வரைந்த ட்ரூவில் கடற்கரைப் படத்தின் வண்ணத்துக்குள் இன்னும் மணல் துகள்கள் இருக்கின்றன.

ஆனால் ஒன்றில் கண்டிப்பாக இருங்கள். அலை எட்டும் இடத்தில் உட்கார்ந்து படத்துக்குள் மூழ்கிவிடாதீர்கள். 1885 நவம்பரில் எத்ரெத்தாவில் மோனே ஓதம் இறங்குகிறது என்று நினைத்துப் பாறையடியில் வரைந்துகொண்டிருந்தார். கடல் ஏறிக்கொண்டிருந்தது. பெரிய அலை ஒன்று அவரைப் பாறைமேல் அடித்து, சாமான்களோடு இழுத்துக்கொண்டு போனது; எப்படியோ பிழைத்தார். அவ்வளவு அனுபவமுள்ள கண்ணே வேலையின் நடுவில் ஏமாந்திருக்கிறது. ஓத அட்டவணையை முந்தின நாளே பார்த்துவையுங்கள், எங்கே போகிறீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

இப்போது பழுப்புப் புள்ளிகள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் கடலோர ஓவியர்கள் பலர் வரைந்ததில் நிறையவே இழந்திருக்கிறார்கள். காற்றின் ஈரப்பதம் 65, 70 சதவீதத்தைத் தாண்டி நாட்கணக்கில் நின்றால் தாளில் பூஞ்சை வளரும். கடலோரத்தில் உப்பும் சேர்ந்துகொள்கிறது. சாதாரண உப்பு சுமார் 75 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் காற்றிலிருந்து நீரை இழுத்துத் தானே கரைய ஆரம்பிக்கும். தாளிலோ கான்வாஸிலோ உப்பு படிந்திருந்தால் அந்த இடம் மற்ற இடங்களைவிட அதிக நேரம் ஈரமாகவே இருக்கும். கடல் நீரைத் தொட்டு வாட்டர்கலர் வரைவது சிலருக்குப் பிடிக்கும், பூ மாதிரி விரியும் தடங்கள் அழகாகவும் இருக்கும். வைத்திருக்கப் போகிற படத்தில் அதைச் செய்யாதீர்கள்.

உங்களுக்கு என் யோசனை: வெளியில் வாட்டர்கலரை ஆய்வுக்கு, அதாவது பார்த்துப் பழகும் முன்வரைவுகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நிலைக்க வேண்டிய படத்தை அறைக்குள், முழுப் பருத்தித் தாளில், அந்த ஆய்வுகளையும் நினைவையும் வைத்து வரையுங்கள். அலமாரியை வெளிச்சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். ஓர் ஈரப்பதமானி வாங்குங்கள், விலை அதிகமில்லை. உள்ளே எவ்வளவு காட்டுகிறது என்று பார்க்காமல் எதையும் தீர்மானிக்க முடியாது. படங்களை மூடிய பெட்டியில், நடுவில் அமிலமற்ற தாள் வைத்து, சிலிக்கா ஜெல்லோடு அடுக்குங்கள். ஜெல்லை அவ்வப்போது சூடாக்கி உலர்த்த வேண்டும், இல்லாவிட்டால் அது வெறும் கல். ஃபிரேம் போட்டால் கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது. மாட்டும்போது சுவருக்கும் ஃபிரேமுக்கும் இடையே காற்று போக இடம் வேண்டும். பின்பக்க மூலைகளில் கார்க் துண்டு ஒட்டினால் போதும். கடலைப் பார்த்த சுவரில் மாட்டாதீர்கள்.

அக்ரிலிக்குக்கு வேறு கவனம். அந்தப் படலம் வெப்பத்தில் மிருதுவாகும். முகத்தோடு முகம் அடுக்கினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். குமிழி பிளாஸ்டிக்கில் நேராகச் சுற்றினால் குமிழித் தடம் விழும். நடுவில் சிலிகான் பூசிய தாளை வையுங்கள். வெளியில் வரைந்த கான்வாஸை நன்றாகக் காய்ந்தபின், சற்றே ஈரமான மென்துணியால் துடைத்து, மறுபடி உலர்த்திய பிறகு வார்னிஷ் போடுங்கள்; இல்லையென்றால் உப்பை உள்ளே வைத்து மூடியதாகிவிடும். கான்வாஸ் அடிக்கும் ஆணி, ஸ்டேப்பிள் எல்லாம் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். சாதாரண இரும்பு துருத்து, துணியையும் அரித்துவிடும். பிரஷ்ஷின் உலோகக் கழுத்தையும் ஈசலின் திருகுகளையும் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள்.

வேலையை விடுவது பற்றிக் கேட்டீர்கள். இப்போது விடாதீர்கள் என்பதுதான் என் பதில். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. கடலுக்கு நல்ல வெளிச்சம் காலையிலும் மாலையிலும்தான். உச்சிவெயிலில் நிழல்கள் சுருங்கி எல்லாம் தட்டையாகிவிடும். உங்கள் அலுவலக நேரம் பெரும்பாலும் அந்தத் தட்டையான நேரம். தினமும் ஒன்றரை மணி நேரம், வாரத்தில் ஒரு முழு நாள் என்று எடுத்துக்கொண்டால் நான் மேலே சொன்ன எல்லாவற்றையும் செய்யலாம். இன்னொரு காரணமும் உண்டு. வருமானத்துக்கு ஓவியத்தை மட்டுமே நம்பினால், கடலோரத்தில் எது விற்கும் என்பது உங்களுக்கே தெரியும்: சுற்றுலா வருகிறவர் வாங்கிப் போகும் சூரியாஸ்தமனம். இப்போதுதான் காலண்டரிலிருந்து வெளியே வர முயல்கிறீர்கள். வாடகை கட்டவேண்டிய நெருக்கடி உங்களை நேராக அங்கேயே திருப்பி அனுப்பும்.

இதற்குக் கூட்டாக வழி கண்டவர்கள் உண்டு. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று 1966-இல் சென்னைக்கு அருகே கடற்கரையில் உருவான சோழமண்டல ஓவியர் கிராமத்தில் கலைஞர்கள் பாட்டிக், உலோக வேலை போன்ற கைவினைப் பொருட்களைச் செய்து விற்றார்கள். சோற்றுக்கு அந்த வருமானம் இருந்ததால் ஓவியத்தில் யாருக்காகவும் வளைய வேண்டியிருக்கவில்லை. உங்களுக்கு அந்தக் கைவினையின் இடத்தில் இப்போதைய வேலை இருக்கிறது. பின்னாளில் வகுப்பு எடுப்பது, அச்சுப் பிரதிகள், புத்தகங்களுக்குப் படம் வரைவது என்று மாற்றிக்கொள்ளலாம். ஒரு வருடச் செலவுக்குப் பணம் கையில் இருந்து, கூட்டம் வராத பருவத்திலும் ஓவியம் தொடர்பான ஏதோ ஒரு வருமானம் நிற்காமல் வந்துகொண்டிருந்தால், அப்போது விடுவதைப் பற்றி மறுபடி எழுதுங்கள். வேலை நேரத்தைக் குறைத்துக்கொள்ள முடிந்தால் அதை முதலில் முயன்று பாருங்கள்.

விற்கத் தொடங்கும்போது ஆய்வுப் படங்களை விற்காதீர்கள், எவ்வளவு கேட்டாலும். அவைதான் உங்கள் மூலதனம். விற்ற ஒவ்வொன்றையும் நல்ல தரத்தில் படமெடுத்து, அளவு, தேதி, வாங்கியவர் விவரம் குறித்து வையுங்கள். பல நாடுகளில், எழுத்தில் விட்டுக்கொடுக்காதவரை, படத்தை விற்றாலும் பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கிறது. உங்கள் நாட்டுச் சட்டத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம், நீங்கள் கேட்கவில்லை. உங்கள் கடிதத்தில் கடல் இருக்கிறது, அதில் பிழைக்கும் மனிதர்கள் யாரும் இல்லை. ஆல்ஃபிரட் வாலிஸ் கடல் தொழில் செய்து முடித்து, மனைவி இறந்தபின் எழுபது வயதை நெருங்கும்போது இங்கிலாந்தின் செயிண்ட் ஐவ்ஸில் வரையத் தொடங்கினார். கிடைத்த அட்டைத் துண்டுகளில், படகுக்கு அடிக்கும் பெயிண்டால். அவர் படத்தில் பார்வை அளவுகள் எதுவும் சரியாக இருக்காது. முக்கியமான படகு பெரிதாக இருக்கும், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கடலில் மிதந்தவரின் படம் அது. நீங்கள் படகில் போக வேண்டியதில்லை. கரைக்கு வருகிறவர்களிடம் பேசுங்கள்: காற்று எந்தப் பக்கம் திரும்பினால் கடல் என்ன நிறமாகும், எந்த இடத்தில் நீரோட்டம் இழுக்கும், எந்த மேகத்தைக் கண்டால் திரும்பிவிடுவார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு அதே இடத்தைப் பாருங்கள், கண்ணுக்கு முன்னால் இருந்தும் தெரியாமல் இருந்தவை தெரியும். அவர்களை வரைய விரும்பினால் கேட்டுவிட்டு வரையுங்கள், முடிந்ததும் காட்டுங்கள். படகின் கட்டுமானத்திலும் கயிற்றின் முடிச்சிலும் உள்ள தவறை அவர்களைவிடச் சரியாக யாரும் சொல்ல மாட்டார்கள்.

கடைசியாக, புள்ளி விழுந்த அந்தப் படங்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ப்ளீச் எதுவும் போட்டுத் தேய்க்கவும் வேண்டாம், தாள் நைந்துவிடும். மற்றப் படங்களிலிருந்து பிரித்து, நேரடி வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் நன்றாக உலரவிடுங்கள். மேலே பஞ்சு மாதிரிப் பூஞ்சை தெரிந்தால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, வெளியில் வைத்து, மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். பழுப்பு நிறம் போகாது. அதைக் குறைக்க வேண்டுமானால் தாள் ஓவியங்களைப் பாதுகாக்கும் நிபுணரிடம்தான் கொடுக்க வேண்டும். ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்துவிட்டு, பின்பக்கம் எந்த இடம், எந்த மாதம், எத்தனை மணி என்று நினைவிருக்கும்வரை பென்சிலால் எழுதி வையுங்கள். அடுத்த மாதம் அந்த இடங்களில் ஒன்றைத்தான் நீங்கள் தேர்ந்தெடுக்கப் போகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

அன்புடன்.